செல்போனுக்குக் காப்பு கட்டிய பூசாரி

என் செல்போனின் பின்பக்க உறையில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தேன். மோட்டார் துடைக்கிற பெட்ரோலைத் துணியில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன். போகவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "இன்னாண்ணா, சாம்பார் கொட்டிக்கினியா?" என்று கேட்பார்கள். சாம்பார் இல்லை. அது எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் காப்பு கட்டிய மஞ்சள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பூசாரி அண்ணன் ஞாபகம் வரும். கையில் வேலை இருந்தாலும் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவன். உத்திரமேரூர் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். வயல் கிணற்று மோட்டார் புகைந்துபோனால், பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பேன். கம்பி சுற்றத் தெரியும், கதை சுற்றத் தெரியாது. "நைனா, பூசாரி பெரியப்பா செல்லுக்குக் காப்பு கட்டினத எழுதிக் குடு, எங்க கிளாஸ்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்று என் மகள் கேட்டாள். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சாலவாக்கம் போகிற வழியில், ஏரியை ஒட்டினாற்போல் எங்கள் ஊர். பூசாரி என்றதும் தாடி, சடை, உருட்டி விழிக்கிற கண் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பூசாரி அண்ணன் ஒல்லியான ஆள். கொஞ்சம் நிலம், ஒரு செவலைப் பசு, உதைத்தால் மட்டும் கிளம்புகிற ஒரு பழைய மொபெட், இவ்வளவுதான் சொத்து. ஊர் அம்மனுக்கு விளக்கு வைப்பது அவர் குடும்பத்து முறை. ஆடி மாதம் கூழ் வார்க்கிற திருவிழாவில் கரகம் எடுப்பதும் அவர்தான். கரகம் என்றால், நீர் நிறைத்த செம்பின்மேல் வேப்பிலையும் பூவுமாகக் கோபுரம் போலக் கட்டி, உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து கோயில் வரைக்கும், பம்பை அடிக்க அடிக்க, ஒரு கையாலும் பிடிக்காமல் நடந்து வர வேண்டும். கழுத்து கொஞ்சம் கோணினாலும் போச்சு. கரகம் சாய்ந்தால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது என்பார்கள். ஊருக்கு ஆகிறதோ இல்லையோ, எடுத்தவருக்கு நிச்சயம் ஆகாது. அடுத்த வருஷம் வேறு ஆள் தலைக்குப் போய்விடும். அந்த வேறு ஆள் யார் என்பதிலும் எங்களுக்குச் சந்தேகமில்லை. பூசாரி அண்ணனுக்கு ஒரு பங்காளி இருந்தார். சித்தப்பா மகன். எதிர் வீடு. "எங்க அப்பாவும் அதே தாத்தாவுக்குப் பொறந்தவருதான், எங்க தலையில மட்டும் கரகம் நிக்காதா?" என்று ஒவ்வொரு ஆடிக்கும் கேட்டுக்கொண்டே இருப்பவர்.

அண்ணனுக்குச் செல்போன் வந்தது மகன் மூலமாக. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மகன், அகலத் திரை வைத்த போன் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பூசை நேரத்தில் அம்மன் பாட்டுப் போடத்தான் முதலில் வைத்துக்கொண்டார். பிறகு வேறு ஊர்க் கோயில் திருவிழா பார்த்தார். பிறகு டிராக்டர் சேற்றில் சிக்குவதைப் பார்த்தார். கடைசியில் மாட்டுக் குளம்பில் வந்து நின்றார். ஏதோ வெளிநாட்டில் ஒருவர், மாட்டைக் கம்பிக் கூண்டில் நிறுத்தி, காலைத் தூக்கிக் கட்டி, குளம்பைச் சீவுசீவென்று சீவி, உள்ளே குத்தியிருக்கிற ஆணியையும் கல்லையும் வெளியே எடுக்கிறார். அவ்வளவுதான் படம். பேச்சு ஒன்றும் புரியாது. ஒன்று முடிந்தால் அடுத்த மாடு தானாக வரும். அண்ணன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். பின்னால் செவலை தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருக்கும்.

"வூட்ல கீற மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல. எந்த ஊரு மாட்டுக்கோ கால் நோவுதாம், இவரு இங்க கண்ணத் தொடச்சிக்கினு குந்திகீறாரு" என்பார் அண்ணி.

சும்மா சொல்லவில்லை. அண்ணன் கண்ணில் எந்நேரமும் தண்ணீர் வடிந்தது. மாட்டுக்காக இல்லை, இமைக்காமல் பார்த்ததால். தூக்கம் கெட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே பார்ப்பார். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தெரியாது. ஒருநாள் ரசத்துக்குப் பதிலாகச் செம்பில் இருந்த தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கி ரசம் நல்லா தெளிவா கீது" என்றாராம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுத்து. முன்பக்கம் குனிந்து குனிந்து, குனிந்தபடியே நின்றுவிட்டது. ஆரத்தித் தட்டைத் தூக்கினால் அம்மன் முகம் வரைக்கும் பார்வை போகாது. பாதத்துக்கே காட்டிவிட்டுத் திரும்புவார். வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், "எவ்ளோ அடக்கமான பூசாரி பாரு, ஆத்தா மூஞ்சியக்கூட நிமிர்ந்து பாக்கல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆடி நெருங்கும்போது அண்ணன் வழக்கமாக ஒரு காரியம் செய்வார். தெருக்குழாயில் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து, தலையில் வைத்து, கையை விட்டுவிட்டு வீடு வரைக்கும் நடந்து பார்ப்பார். அதுதான் அவருடைய ஒத்திகை. அந்த வருஷம் குழாயடியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்திருப்பார். கழுத்தில் சுருக்கென்று பிடித்தது, தலை சுற்றியது, குடம் உருண்டது. தெருவில் மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று முழுசாக நனைந்து, கத்திக்கொண்டு ஓடியது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் பங்காளி நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையிலிருந்து அதே மாடியில், தலையில் குடத்தோடு, கையை விட்டுவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்க ஆரம்பித்தார். தெருவே பார்க்கும்படி.

அண்ணன் பயந்துபோனார். நான்தான் அவரை என் வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கழுத்தைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு அண்ணனின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த போனைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இத பாப்பீங்க?"

"எப்பனா பாப்பேம்மா."

"எப்பப்ப பாக்க மாட்டீங்க?"

அண்ணன் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். டாக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்காமல் எழுத ஆரம்பித்துவிட்டார். கழுத்துக்கு எளிய பயிற்சி சொல்லிக் கொடுத்தார். தினமும் நடக்கச் சொன்னார். "மாத்திரை கொஞ்சம்தான் கேக்கும். கொஞ்ச நாளைக்கு இந்த போனத் தொடாம இருங்க. அப்புறம் பாத்தாலும் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சி, கொஞ்ச நேரம் பாருங்க" என்றார்.

"கரகம் எடுக்கணும்மா" என்றார் அண்ணன். இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது, இவருக்கு இது விளையாட்டில்லை என்று.

தொடாமல் இருப்பது அப்படி ஒன்றும் சுலபமாக இல்லை, பிள்ளைகளே. போனை அண்ணியிடம் கொடுத்து, "கேட்டாலும் குடுக்காத" என்றார். அண்ணி கொடுக்கவில்லை. கொடுக்காத நேரத்தில் அதில் சீரியல் பார்த்தார். நாலாம் நாள் அண்ணிக்குக் கழுத்து வலி. பிறகு நெல் மூட்டைக்குள் புதைத்து வைத்தார். போன் உள்ளே அடிக்க, மூட்டையைக் கட்டிப் பிடித்துக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக என் கடைக்கு வந்து, போனை மேசைமேல் வைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, இத ஏதாச்சும் பண்ணிக் கெடுத்துக் குடு."

"அண்ணே, எல்லாரும் கெட்டத சரி பண்ணிக் குடுன்னுதான் வருவாங்க."

"ஆடி வரிக்கும் கெட்டுருந்தா போதும். அப்பால நீயே சரி பண்ணிக் குடு."

"நான் மோட்டாரு கட்றவன். இதுல கைய வெச்சா ஆவணிக்குக்கூட வராது."

அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. போனை எடுத்து, புறங்கையால் துடைத்து, மறுபடி பையில் வைத்துக்கொண்டார். போகும்போது வாசலிலேயே அதை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

காப்பு கட்டுகிற நாள் வந்தது. திருவிழா தொடங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மஞ்சள் தடவிய நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கையும் வேப்பிலையையும் சேர்த்து முதலில் அம்மனுக்குக் கட்டுவார்கள், பிறகு பூசாரி கையில் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கறி, மீன் என்று கவிச்சி தொடக் கூடாது, மெத்தையில் படுக்கக் கூடாது. கூழ் வார்த்து முடிந்து அம்மன் காப்பை அவிழ்க்கும்வரை யார் காப்பையும் அவிழ்க்கக் கூடாது. எங்கள் ஊரில் போலீஸ் சொல்லிக் கேட்காதவன்கூட இந்தக் கட்டுக்குக் கட்டுப்படுவான்.

அன்று சாயந்திரம் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. அம்மனுக்குக் கட்டியாயிற்று. அண்ணன் கையிலும் கட்டியாயிற்று. தாம்பாளத்தில் இன்னும் நூல் மிச்சம் இருந்தது. கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில், அண்ணன் இடுப்பு மடியில் செல்போன் அடித்தது. எல்லாரும் அவரைப் பார்த்தோம். கூட்டத்தில் பங்காளி மட்டும் சிரித்தார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு.

அண்ணன் போனை எடுத்தார். அணைக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவரோ மிச்சம் இருந்த மஞ்சள் நூலை எடுத்து, பார்சல் கட்டுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் போனைச் சுற்ற ஆரம்பித்தார். திரையின் நட்ட நடுவில் மஞ்சள் கிழங்கு வந்தது. முடிச்சில் வேப்பிலைக் கொத்து. "ஆத்தா, என்னால ஆவல. நீயே பாத்துக்க" என்றார். பம்பைக்காரருக்குக் காப்பு கட்டினால் அடிக்க வேண்டும் என்பதுதான் தெரியும், எதற்குக் கட்டினால் என்பதெல்லாம் அவர் கணக்கில் கிடையாது. அடித்தார். பழக்க தோஷத்தில் பெண்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முடிந்தது. ஊர் கூடி நிற்க, பம்பை அடித்துக் கட்டின காப்பை யார் அவிழ்ப்பது?

போனை அம்மனின் சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி நாலடி நடந்தவர் நின்றார். முகம் மாறிப்போயிருந்தது. என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டார்: "தம்பி, ஒரு மாட்டுக்கு ஆணி எடுத்துக்கினு இருந்தாங்கடா. பாதிதான் பாத்தேன். அது வந்துடும்ல?"

மறுநாளே அதற்கு மரியாதை ஆரம்பித்துவிட்டது. யாரோ மஞ்சளைப் பார்த்துப் பொட்டு வைத்தார்கள். யாரோ ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மத்தியானம் மகன் கூப்பிட்டிருப்பான் போல. போன் 'ட்ர்ர்ர்' என்று அதிர, பித்தளைத் தட்டு நடுங்க, எலுமிச்சம்பழம் தானாக உருண்டு கீழே விழுந்தது. விளக்குக்கு எண்ணெய் விட வந்த பால்காரம்மா, "ஆத்தா எறங்கிட்டா!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார். அதற்கடுத்த நாள் சார்ஜ் குறைந்து அது விட்டுவிட்டுக் கூவ ஆரம்பித்ததும் டீக்கடையில் பெரிய வழக்காகிவிட்டது. காப்பு கட்டினவர் விரதத்தில் பால், பழம் சாப்பிடலாம்தானே, அதுபோலப் போனுக்கும் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றலாமா, கூடாதா?

"பாலு பழம் மாறி பாதி சார்ஜ் ஏத்தலாம்" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒண்ணும் வேணாம். வருசம் பூரா தின்னுது. கெடக்கட்டும் பட்டினியா" என்றார் அண்ணி. அதுதான் தீர்ப்பு. சாயந்திரம் போன் அணைந்தது. மகனுக்கு டீக்கடைப் போனிலிருந்து சேதி சொன்னார்கள். அவன் நம்பவில்லை. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்று லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்தான். வந்து, தட்டில் பொட்டோடு இருக்கிற போனைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

முதல் நாட்களில் அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கை அடிக்கடி மடிக்குப் போகும், ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். வந்த கைக்கு வேலை இல்லாமல் வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார். உட்கார முடியாமல் நடந்தார். ஏரிக்கரை வரைக்கும் போவார், திரும்புவார், மறுபடி போவார். டாக்டரம்மா நடக்கச் சொன்னதை அவர் நடத்திக் காட்டவில்லை, போன் இல்லாத பேஜார்தான் அவரை நடத்தியது. நடந்ததில் ஊர் அவர் கண்ணில் பட ஆரம்பித்தது. எங்கள் தெருவில் ஒருவருடைய வீட்டு முன்னால் நின்று, அண்ணன் "இன்னாப்பா, ரோஸ் கலர் பெயிண்டு, எப்ப அடிச்ச?" என்று கேட்டார்.

"போன வருசம் அடிச்சதுண்ணா. நீதான வந்து பூசணிக்கா சுத்தி ஒடச்ச!"

அண்ணன் அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்படி நடந்து வந்த ஒரு காலையில்தான், செவலை பின்னங்காலை ஊன்றாமல் நிற்பதைக் கவனித்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பின் பிளவுக்குள், வேலிகாத்தான் முள் ஒன்று முறிந்து உள்ளே ஏறி, சுற்றிலும் வீங்கியிருந்தது. அண்ணி ஒரு வாரமாகவே, மாடு நொண்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இவர் வெளிநாட்டு மாடு என்று நினைத்து 'உம்' கொட்டியிருக்கிறார். நான் கடைக்குக் கிளம்புகிற நேரம், "தம்பி, அந்த மூக்குக் குறட்ட எடுத்துக்கினு வா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். நான் காலைப் பிடித்தேன். அவர் வெந்நீரால் கழுவி, குறட்டால் மெதுவாகப் பிடித்து இழுத்தார். செவலை ஓர் உதை விட்டது. அது எனக்குத்தான் பட்டது. முள் வெளியே வந்ததும் அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் காட்டினார், அண்ணியிடம் காட்டினார், எதிர் வீட்டு மாடியில் குடத்தோடு நின்ற பங்காளிக்கும் தூக்கிக் காட்டினார். பங்காளியும் தன்னை மறந்து குனிந்து பார்த்தார். குடம் விழுந்தது.

இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்த ஓர் அம்மாள், முந்தானையிலிருந்து தன் புருஷனின் போனை எடுத்துத் தட்டில் வைத்து, "இதுக்கும் ஒண்ணு கட்டிடுங்க பூசாரி" என்றார். அடுத்த அம்மாள் மகன் போனைக் கொண்டு வந்தார். அப்புறம் வரிசை. அண்ணன் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கேட்டால் கட்டத்தானே பூசாரி? ஆம்பளைகளுக்குச் செய்தி போவதற்குள் பாதி ஊர் போன் மஞ்சள் நூலில் கிடந்தது, மீதியும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அவசரம் ஆத்திரத்துக்கு ஊருக்கு ஒரு போன் வேண்டுமே என்று, டீக்கடைக்காரரின் பட்டன் போனை மட்டும் விட்டுவிட அண்ணி உத்தரவு போட்டார். கிராம நர்ஸம்மா போனையும் யாரும் தொடவில்லை. என் போனை நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, என் வீட்டுக்காரி எடுத்துப்போய்விட்டாள். "எனக்குத் தொழிலு கீது, கஷ்டமரு கூப்பிடுவாங்க" என்று நான் குதித்தேன். "கூப்ட்டுப் பாத்துட்டு நேர்ல வருவாங்க. உத்திரமேரூர் கடத்தெருவு எங்கயும் ஓடிப் போவல" என்றாள். காப்பு கட்டினது எல்லை தாண்டக் கூடாதே. போனைக் கோயிலில் விட்டுவிட்டு நான் மட்டும் கடைக்குப் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் நாள் எனக்கு ஒரு கை இல்லாதது போலத்தான் இருந்தது. பஸ்ஸில் எல்லாரும் குனிந்திருக்க, நான் மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்டக்டரையே பார்த்தேன். அவர், "இன்னா வேணும்?" என்று கேட்டுவிட்டார். ஆனால் மதியத்துக்குள் ஒன்று புரிந்தது. ஒரு காயிலைச் சுற்றும்போது நடுவில் நாலு முறை போனைப் பார்த்து, எத்தனை சுற்று சுற்றினோம் என்று மறந்து, பிரித்து மறுபடி சுற்றுவது என் வழக்கம். அன்று பிரிக்காமல் முடித்தேன். பகல் சோற்றுக்குப் பிறகு கண் எரியவில்லை. புள்ளலூரிலிருந்து ஒரு விவசாயி சண்டைக்கே வந்தார்.

"எத்தினி வாட்டி அடிக்கிறது? போன எடுக்க மாட்டியா நீ?"

"காப்பு கட்டிகீதுண்ணா."

"காப்பு கட்டினா போன் பேசக் கூடாதா? எந்த ஊரு வயக்கம் அது?"

"எனக்கு இல்லண்ணா. போனுக்கு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுக்கதையும் கேட்டு, இரண்டு டீ சொல்லி, போகும்போது மோட்டாரை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரி மதகுக்குப் பக்கத்தில் கரகம் கட்டியாயிற்று. அண்ணன் ஈர வேட்டியோடு கிழக்கே பார்த்து நின்றார். கழுத்து நன்றாகத் தேறியிருந்தது, ஆனால் குடம் விழுந்தது யாருக்கும் மறக்கவில்லை. அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். கரகத்தைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். அண்ணன் கையை விட்டார். பம்பை எழும்பியது. நடந்தார்.

வழக்கமாக அண்ணன் முன்னால் ஒரு கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கும். அதன் முட்டியில் இடிக்காமல் நடப்பதே பெரும்பாடு. அந்த வருஷம் அவருக்கு முன்னால் தெரு காலியாகக் கிடந்தது. போனெல்லாம் கோயிலில் இருந்தது. ஓரமாக நின்றவர்கள் கையைக் கூப்பியிருந்தார்கள். கைக்கு வேறு வேலை இல்லையே. படம் பிடிக்க ஒரே ஒரு போன் மட்டும் மிச்சம் இருந்தது. பங்காளி தன் போனுக்குக் காப்பு கட்டக் கொடுக்கவில்லை. அவர்தான் அண்ணனுக்கு முன்னால், பின்பக்கமாக நடந்தபடி, படம் பிடித்துக்கொண்டே வந்தார். எதைப் பிடிக்கக் காத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தண்ணீர்த் தொட்டி முனையில் தெரு திரும்புகிற இடத்தில், அறுந்த கேபிள் ஒயர் ஒன்று கழுத்து உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. போனைப் பார்த்தபடி பின்பக்கமாகப் போன பங்காளி நேரே அதில் போய் மாட்டப் போகிறார். அவர் திடுக்கிட்டு முன்னால் வந்து விழுந்தால் கரகத்தின் மேல்தான் விழுவார். எங்கள் எல்லாருக்கும் கண் அண்ணன் தலைமேல் இருந்தது. ஒயரைப் பார்த்தவர் ஒருவர்தான். தலையைக் குனிய முடியாமல் நேரே பார்த்து நடந்து வந்தவர்.

"டேய்! பின்னால ஒயரு!"

பம்பையையும் மீறிக் கேட்டது அந்தக் குரல். பங்காளி அப்படியே நின்றார். அண்ணனும் நின்றார். உச்சியில் எலுமிச்சம்பழம் ஓர் ஆட்டம் ஆடியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். பழம் ஆடி, ஆடி, நின்றது. கழுத்து நட்ட கம்பம் மாதிரி இருந்தது. பங்காளி மெல்லத் திரும்பி, தன் தொண்டைக்கு நேரே இருந்த ஒயரைப் பார்த்தார். போனை மடியில் செருகினார். இரண்டு கையாலும் ஒயரைப் பிடித்து, எம்பித் தலைக்கு மேலே தூக்கி நின்றார். கரகம் அதன் கீழே, ஒரு வேப்பிலைகூட உரசாமல் போனது. போகும்போது அண்ணன், உதடு மட்டும் அசைய, "இன்னும் கொஞ்சம் தூக்குடா" என்றதை நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டேன்.

கரகம் கோயில் சேர்ந்தது. அண்ணி அதற்குப் பிறகுதான் அழுதார். கூழ் குடிக்கும்போது ஊரில் பெரிய விவாதம். கரகத்தோடு வருகிறவர் வாயில் வருவது ஆத்தாளின் வாக்கு. அப்படியானால் அந்த வருஷத்து அருள்வாக்கு, "டேய், பின்னால ஒயரு" என்பதுதான். டீக்கடைக்காரர் அதற்கு மின்வெட்டு வரும் என்று பொருள் சொன்னார். பால்காரம்மா, புதுசாக வயரிங் செய்கிறவர்கள் ஒத்திப் போடுவது நல்லது என்றார். பங்காளி இரண்டு சொம்பு கூழ் குடித்துவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு போய்த் தட்டில் வைத்தார். மறுநாள் காப்பு அவிழ்க்கப் போகிறார்கள், இருந்தாலும் ஒரு நாளாவது கட்டிக் கிடக்கட்டும் என்றார்.

இத்தனைக்கும் படம் ஒன்றுகூட இல்லை. பங்காளி பிடித்ததைப் பிறகு போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் அண்ணன் முகம், அப்புறம் ஒரு கத்தல், அப்புறம் மடிக்குள் இருட்டு. அவ்வளவுதான் சாட்சி. என் மகள் வகுப்பில் நம்ப மாட்டேன் என்கிறவர்களுக்குக் காட்ட என்னிடம் வேறொன்றும் இல்லை. பார்த்தவர்கள் கண்ணில்தான் இருக்கிறது.

காப்பு அவிழ்த்த அன்று, மஞ்சள் படிந்த போன் குவியலில் அவரவர் போனைத் தேடி எடுத்துக்கொண்டோம். அண்ணன் உடனே தன் போனைச் சார்ஜில் போட்டார். அது உயிர் வரட்டும் என்று காத்திருந்த நேரத்தில் செவலைக்குத் தண்ணீர் காட்டப் போனவர், சாயந்திரம் வரை திரும்பி வரவில்லை. அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இப்போதும் பார்க்கிறார். ஆனால் டாக்டரம்மா சொன்னபடி கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஆரத்தி காட்டுவதுபோலப் பார்க்கிறார். கை வலித்ததும் கீழே வைத்துவிடுகிறார். கை சீக்கிரமே வலிக்கிறது. ஆடி வந்தால் யாரும் சொல்லாமலே எங்கள் ஊரில் போன்கள் கோயில் தட்டுக்குப் போகின்றன. நர்ஸம்மா போனும் டீக்கடைப் பட்டன் போனும் மட்டும் வெளியே.

போன வாரம் அண்ணன் கடைக்கு வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அந்த மாட்டு ஆணி கீதே. பாதியில உட்டது. நேத்து அந்த வீடியோ வந்துச்சுடா. எடுத்துட்டாங்க."

"அப்பாடா. எப்படி இருந்துச்சுண்ணா?"

"எடுத்தாங்க. ஆனா நம்ப செவலைக்கு எடுத்த மாறி இல்ல."

டீயைக் குடித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். நான் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்ற உட்கார்ந்தேன். போன் மேசைமேல் ஒளிர்ந்தது. எட்டி எடுத்தேன். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தேன், மஞ்சள் கறை மேலே தெரியும்படி.